படகுக் கணக்கும் அனுபவம்தான்: மாணவர்கள் முதல் ரெஸ்யூமே எழுதுவது எப்படி?

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் “அண்ணே, ஒரு ரெஸ்யூமே அடிச்சுக் குடுங்க” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் கையில் வந்துவிடும். கணினியில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கும். முன்பு வந்தவரின் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரை ஏற்றுவார்கள். கல்லூரி, மதிப்பெண், அப்பா பெயர், பிறந்த தேதி மாறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். வாழ்க்கை லட்சியம் என்று நாலு வரி, ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இணைந்து செயல்படுபவர்’, பொழுதுபோக்கு, கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்று ஓர் உறுதிமொழி. அவசரத்தில் அந்த உறுதிமொழிக்குக் கீழே பழைய ஆளின் பெயரே தங்கிவிடுவதும் உண்டு. கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவர் தட்டச்சுக்குக் காசு வாங்குகிறார். உங்களைப் பற்றி யோசிக்க வேண்டியது நீங்கள்.

எப்படி யோசிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. பட்டப்படிப்பு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று எதையாவது முடிக்கப்போகிறவர்களை, முதன்முறையாக ரெஸ்யூமே எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அந்தத் தாள் எதற்கு?

ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. அவற்றைப் புரட்டுகிறவர் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா, எதை வைத்து நம்புவது? அந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில் சொல்வதுதான் ரெஸ்யூமே. உங்களை நேர்காணலுக்குக் கூப்பிட வைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

இப்படிப் பார்த்தால், எதைப் போடுவது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். தந்தை பெயர், சாதி, மதம், திருமண நிலை, உயரம், எடை ஆகியவை அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் சொல்வதில்லை. வரன் பார்க்கக் கொடுக்கும் பயோடேட்டாவில் இருக்க வேண்டியவை எப்படியோ இங்கே வந்து ஒட்டிக்கொண்டன. ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. கதவு எண், தெருப் பெயர்கூட வேண்டாம். ‘பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்’ போதும். வெளியூர் வேலைக்கு அனுப்பினால் பக்கத்திலேயே ‘சென்னை, கோவையில் தங்கி வேலை பார்க்கத் தயார்’ என்று ஒரு சொற்றொடர் சேருங்கள். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ‘இவ்வளவு தூரத்திலிருந்து வருவாரா?’ என்ற சந்தேகம் எழும். அதை எழும்போதே தீர்த்துவிடுவது நல்லது.

அரசு வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் பக்கம் படிப்பு முடிந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு டி.என்.பி.எஸ்.சி., இல்லாவிட்டால் போலீஸ். அவற்றுக்கு ரெஸ்யூமேயே தேவையில்லை. அவர்கள் தரும் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கே தந்தை பெயர், வகுப்பு எல்லாம் கேட்பார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதால், அதற்கான சான்றிதழைப் பள்ளி, கல்லூரியிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைப்பதும் அவசியம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் போன்ற இடங்களில் திட்டப்பணிக்கு ஆள் எடுக்கும்போது, அறிவிப்போடு விண்ணப்பப் படிவம் இணைத்திருந்தால் அதையே நிரப்பிக் கொண்டுபோங்கள். (அந்த நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது.) இனி நாம் பேசப்போவது தனியார் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், விடுதிகள், கடைகள் பற்றி மட்டும்.

‘எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே’

எந்த மாணவரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். மெக்கானிக்குக்குக் கூடமாட நின்று இன்ஜின் வேலை கற்றவன் ஒருவன். விடுமுறை நாளில் ஐஸ் கம்பெனியில் எத்தனை பார் போனது என்று நோட்டில் குறித்தவன் இன்னொருவன். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்துச் சங்குக் கடையில் உட்கார்ந்து, வடநாட்டு யாத்திரிகர்களோடு இந்தியில் பேரம் பேசியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள் ஒருத்தி. கீழக்கரையில் காக்கா (அண்ணன்) கடையில் மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கிறவன் ஒருவன். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவின் மகளிர் குழுவுக்கு வரவு செலவு எழுதுவது, வங்கிக்குப் போய் வருவது எல்லாம் ஒரு பிள்ளையின் பொறுப்பு.

இதில் எதுவும் ரெஸ்யூமேயில் இருக்காது. ஏன் என்று கேட்டால், “அது வீட்டு வேலைதானே?” என்பார்கள். சம்பள ரசீது இல்லாத வேலை, வேலையே இல்லை என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

விசைப்படகு ஒன்று கடலுக்குப் போய்த் திரும்பினால் என்ன கணக்கெல்லாம் வரும் என்று பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று செலவு. இறால், நண்டு, கணவாய், மீன் என்று வகைவகையாக எடை, விலை. வியாபாரி கையில் தந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. செலவைக் கழித்து மிச்சத்தை உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். முன்பணம் வாங்கியவர்களுக்கு அதில் பிடித்தம் போட வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் கரையிலேயே சண்டை வரும். இந்தக் கணக்கை எழுதும் பி.காம். மாணவன், வகுப்பில் படிக்கும் கணக்கியலை மெய்யான பணத்தோடு செய்துகொண்டிருக்கிறான். அவன் ரெஸ்யூமேயைப் பார்த்தால் ‘பொழுதுபோக்கு: கிரிக்கெட் பார்ப்பது, பாட்டுக் கேட்பது’ என்று இருக்கிறது.

இப்படிப்பட்ட வேலையை எப்படி எழுதுவது? ‘அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. என்ன செய்தீர்கள், எவ்வளவு செய்தீர்கள், எந்தக் கருவியால் செய்தீர்கள், அதனால் என்ன ஆயிற்று ஆகிய நான்கில் குறைந்தது மூன்றேனும் ஒரு வரியில் இருக்கட்டும். இப்படி:

‘குடும்ப விசைப்படகின் டீசல், ஐஸ், விற்பனைக் கணக்கை 2 ஆண்டுகள் பராமரித்தல்; 6 பணியாளர்களுக்கான பங்கையும் முன்பணப் பிடித்தத்தையும் கணக்கிடுதல்; நோட்டில் இருந்த கணக்கை எக்செல்லுக்கு மாற்றியது.’

மகளிர் குழுக் கணக்கு எழுதியவள்: ‘12 உறுப்பினர் கொண்ட சுய உதவிக் குழுவின் சேமிப்பு, கடன் பதிவேடுகளை எழுதுதல், மாதக் கூட்டத்தில் கணக்கு வாசித்தல், வங்கிப் பரிவர்த்தனைகளைச் சரிபார்த்தல்.’

சங்குக் கடை: ‘சீசன் நாட்களில் தமிழ், இந்தி பேசும் வாடிக்கையாளர்களிடம் விற்பனை, யு.பி.ஐ., ரொக்க வரவை இரவில் சரிபார்த்து ஒப்படைத்தல்.’

படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தமிழில் தந்திருக்கிறேன். ரெஸ்யூமேயைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அப்போதும் முறை இதுதான். ‘நான்’ என்று தொடங்காமல், செய்த வேலையைக் குறிக்கும் வினைச்சொல்லிலேயே வரியைத் தொடங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலம் போதும். அகராதி பார்த்து எடுத்த பெரிய சொல்லை நேர்காணலில் அவர்கள் திருப்பிக் கேட்டால் வாய் திறக்க முடியாமல் போகும். ஏ.ஐ. செயலிகளிடம் எழுதி வாங்குவதிலும் இதே சிக்கல்தான். எழுத்துப்பிழை திருத்த அவை நல்ல உதவி. ஆனால் முழுவதையும் எழுதச் சொன்னால், உங்களுக்கும் பக்கத்து பெஞ்சுக்காரருக்கும் ஒரே மாதிரி வாக்கியங்கள் வரும். ஜெராக்ஸ் கடைக் கோப்புக்கும் அதற்கும் பிறகு என்ன வித்தியாசம்?

எண்ணைக் கூட்டிச் சொல்லக் கூடாது. சரியாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று போடலாம், தப்பில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும். “முன்பணப் பிடித்தம் எப்படிப் போடுவீங்க, தம்பி? ஒரு உதாரணம் சொல்லுங்க.” உண்மையிலேயே செய்தவனுக்கு இதைவிட எளிதான கேள்வி கிடையாது. ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசுவான். படித்த பாடத்தைப் பற்றிக் கேட்டால் திணறுகிற பிள்ளைகள்கூட, தாங்கள் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கலாம். அதற்காகவே அந்த வரிகள் தாளில் இருக்க வேண்டும்.

இடையில் விட்டுப்போன ஆண்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையில் அது நிறையப் பேருக்கு உண்டு. அப்பாவின் படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டிருக்கும். அவர் திரும்பி வரும்வரை மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போயிருப்பான். அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கும். அந்த ஆண்டை மறைப்பதற்காகத் தேதிகளை நீட்டிப் போடாதீர்கள். சான்றிதழைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ‘2023–24: குடும்ப மீன்பிடித் தொழிலில் முழுநேரப் பணி’ என்று ஒரு வரி எழுதினால் இடைவெளி என்பதே இருக்காது. குடும்பக் கஷ்டத்தை அந்தத் தாளில் விவரிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கேட்டால், சொல்ல விரும்பினால், சொல்லிக்கொள்ளலாம்.

விளம்பரத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள்

ஒரே ரெஸ்யூமேயை ஐம்பது படி எடுத்து எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அதில் பிழை என்னவென்றால், ஒவ்வொரு வேலையும் வேறு வேறு சான்றைக் கேட்கிறது. உங்களைப் பற்றிய எல்லாவற்றையும் முதலில் ஒரு பெரிய பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் வந்தாலும் பரவாயில்லை, அது உங்களுக்கு மட்டும்தான். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து பொருத்தமானதை எடுத்து ஒரு பக்கம் ஆக்குங்கள்.

தங்கச்சிமடத்தில் விலங்கியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கருவாட்டு வியாபாரம். அம்மாவின் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறாள். மாலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறாள். இந்தி ஓரளவு பேசுவாள். கல்லூரியில் மீன்களில் நுண்ணுயிர் வளர்ச்சி பற்றி ஒரு சிறிய புராஜெக்ட் செய்திருக்கிறாள். டைப்ரைட்டிங் லோயர் பாஸ்.

கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்று தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் கேட்கிறது. விளம்பரத்தில் எச்.ஏ.சி.சி.பி. தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. உணவு எந்தக் கட்டத்தில் கெடலாம் என்று கண்டுபிடித்து, அங்கே கட்டுப்பாடு வைக்கும் பாதுகாப்பு முறை அது. இந்த வேலைக்கு அவளுடைய புராஜெக்ட்தான் தாளின் நடுப்புள்ளி. எந்த மீன், எத்தனை மாதிரி, என்ன வெப்பநிலை, எந்தச் சோதனை, என்ன கண்டாள் என்று மூன்று வரி எழுத வேண்டும். உறைந்த மீனும் இறாலும் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஏன் என்று அவளுக்குத் தெரியும். அது பாடமாகவும் படித்தது, கரையிலும் பார்த்தது. அடுத்ததாகக் கருவாட்டு வேலை: மீனைக் கழுவி, உப்பிட்டு, உலர்த்தி, தரம் பிரிப்பது. இதை எழுத அவள் கூச்சப்படுவாள். ஆனால் மீனைத் தொட்டே பார்க்காத வெளியூர் விண்ணப்பதாரரைவிட, மீன் கெட்டதா இல்லையா என்று செவுளைப் பார்த்துச் சொல்லக்கூடியவள் என்பது அந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ட்யூஷன் இங்கே ஒரு வரி. டைப்ரைட்டிங் ஒரு சொல்.

அதே மாணவி ராமேசுவரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்கு விண்ணப்பிக்கிறாள் என்றால் தாள் தலைகீழாக மாறும். மொழிகள் மேலே வர வேண்டும். அதையும் ‘தமிழ், ஆங்கிலம், இந்தி’ என்று மொத்தமாக எழுதாமல், ‘தமிழ்: பேச, படிக்க, எழுத, ஆங்கிலம்: படிக்க, எழுத, ஓரளவு பேச, இந்தி: பேச மட்டும்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்த ஊரில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘திருவிழா நாட்களில் இரவுப் பணிக்கும் தயார்’ என்பது அவளால் முடியும் என்றால் தாளில் இருக்க வேண்டிய வரி. டைப்ரைட்டிங், கணக்கு எழுதுவது இரண்டும் மேலே ஏறும். நுண்ணுயிர் புராஜெக்ட்டின் தலைப்பு மட்டும் போதும்.

குழந்தைகள் கல்வியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் என்றால் ட்யூஷன் முதலிடத்துக்கு வரும். எந்த வகுப்புப் பிள்ளைகள், என்ன பாடம், எத்தனை மாதம், யாருக்கு என்ன முன்னேற்றம்.

பெரிய நிறுவனங்களில் இன்னொரு காரணத்துக்காகவும் விளம்பரத்தின் சொற்கள் முக்கியம். வருகிற ரெஸ்யூமேக்களை முதலில் ஒரு மென்பொருள் படித்துப் பிரித்து வைக்கும். விளம்பரத்தில் ‘டேலி’ என்று இருந்து, நீங்கள் ‘கணக்கு மென்பொருள்’ என்று பொதுவாக எழுதினால் அது உங்களை அடையாளம் காணாமல் போகலாம். உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததாக இருந்தால், அவர்கள் பயன்படுத்திய சொல்லையே பயன்படுத்துங்கள். அழகுக்காகப் போடும் இரட்டைப் பத்தி, கட்டங்கள், படங்கள், ‘எக்செல் – 5க்கு 4 நட்சத்திரம்’ போன்றவை அந்த மென்பொருளைக் குழப்பும். மனிதருக்கும் அந்த நட்சத்திரம் எதையும் சொல்வதில்லை. யார் கொடுத்தது அந்த நட்சத்திரம்?

தாளில் என்ன எங்கே

மேலே பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், ஊர். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். பள்ளி நாளில் நடிகர் பெயரையும் ‘வெறியன்’ என்பதையும் சேர்த்துத் தொடங்கிய முகவரியை நண்பர்களுக்கு வைத்துக்கொண்டு, வேலைக்கென்று புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். கைபேசி எண்ணை ஒருமுறை அல்ல, இருமுறை சரிபாருங்கள். மாற்று எண் கொடுப்பதாக இருந்தால் கரையில் இருக்கும் அம்மா, அக்கா எண்ணைக் கொடுங்கள். கடலுக்குப் போகும் அப்பாவின் எண் வேண்டாம்.

அடுத்து இரண்டு வரிச் சுருக்கம். ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பதே என் லட்சியம்’ என்ற புகழ்பெற்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ‘இறுதியாண்டு பி.காம். மாணவர். மீன்பிடித் தொழில் கணக்குகளில் 2 ஆண்டு அனுபவம். டேலி, எக்செல் தெரியும். கணக்கு உதவியாளர் பணி தேடுகிறேன்’ என்று எழுதினால் பார்க்கிறவர் கீழே படிப்பார்.

கல்வியில் கடைசியாகப் படித்தது முதலில் வர வேண்டும். மதிப்பெண்ணை எந்த அளவில் என்று சேர்த்துச் சொல்லுங்கள், ‘7.4/10’ என்பது போல. பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக்கு ஒவ்வொரு வரி போதும். அரியர் இருந்தால் அதை ரெஸ்யூமேயில் விளம்பரப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்கக் கூடாது.

பிறகு அனுபவம், புராஜெக்ட். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஏதாவது பயிற்சி முடித்திருப்பீர்கள். சான்றிதழின் பெயரை மட்டும் எழுதினால், அதே சான்றிதழ் வைத்திருக்கும் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் உங்களோடு வரிசையில் நிற்பார்கள். அந்தப் பயிற்சியில் நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் கடற்கரை சுத்தம் செய்ததையும் அப்படியே: ‘பங்கேற்றேன்’ என்பதைவிட, ஆட்களைப் பிரித்துப் பொறுப்புக் கொடுத்தது நீங்கள் என்றால் அதைச் சொல்லுங்கள்.

திறன்கள் என்ற இடத்தில் ‘எம்.எஸ். ஆபீஸ்’ என்று முடித்துவிடாமல் எக்செல்லில் எது தெரியும் என்று எழுதுங்கள். ‘நேர்மை, கடின உழைப்பு’ வேண்டாம். நேர்மையில்லை என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. பொழுதுபோக்கும் உறுதிமொழியும் கேட்டால் ஒழிய தேவையில்லை. ஓட்டுநர் உரிமம் வேலைக்கு வேண்டியதாக இருந்தால் மட்டும். நீச்சலும் படகு ஓட்டுவதும் அலுவலக வேலைக்கு உதவாது, ஆனால் கடல் ஆய்வுப் பணிக்கோ சுற்றுலாப் படகு நிறுவனத்துக்கோ அனுப்பும்போது அவற்றை விட்டுவிட்டால் பெரிய நஷ்டம்.

ஒரு பக்கம், ஒரே எழுத்துரு, கண்ணுக்குத் தெரியும் அளவு. கணினி இல்லாவிட்டால் கைபேசியிலேயே கூகுள் டாக்ஸில் அடித்து பி.டி.எஃப். ஆக்கலாம், செலவில்லை. அச்சிட்ட தாளைப் படம் பிடித்து அனுப்புவது மட்டும் வேண்டாம். படத்தை அந்த மென்பொருளால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். கோப்புக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ‘நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2’ என்ற பெயரில் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

வளைகுடாவுக்கு அனுப்பும்போது

துபாயிலிருந்து மச்சான் வாட்ஸப்பில் “சி.வி. அனுப்பு மாப்ளே, இங்க ஒரு வேகன்சி இருக்கு” என்பார். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் இது அன்றாடப் பேச்சு. அங்கே சில பழக்கங்கள் வேறு. பெரும்பாலும் புகைப்படம், நாட்டுரிமை, பாஸ்போர்ட் எதுவரை செல்லும், எப்போது சேர முடியும் ஆகியவற்றை எதிர்பார்ப்பார்கள். அவற்றைச் சேர்த்துத் தனியாக ஒரு வடிவம் வைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் எண்ணையும் அதன் நகலையும் முதல் சுற்றிலேயே அனுப்ப வேண்டாம். வேலை உறுதியாகி, நிறுவனம் மெய்தான் என்று தெரிந்த பிறகு கொடுங்கள்.

முகவர் மூலம் போவதாக இருந்தால், அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. ரெஸ்யூமேயைப் பார்ப்பதற்கே பணம், நேர்காணலுக்கு முன்பணம் என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளூர் வேலைக்கும் இதே எச்சரிக்கைதான்.

அனுப்புவதும் கொண்டுபோவதும்

மின்னஞ்சலில் வெறும் கோப்பை இணைத்து அனுப்பினால் பலர் திறப்பதில்லை. தலைப்பில் வேலையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். உள்ளே நாலு வரி போதும்: ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, உங்கள் விளம்பரத்தில் கண்ட தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன்; மீன்களில் நுண்ணுயிர் பற்றிப் புராஜெக்ட் செய்திருக்கிறேன். ஜூன் மாதம் முதல் பணியில் சேர முடியும். ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன்.’ வாட்ஸப்பில் கேட்டாலும் இதே நாலு வரிதான். ‘ஹாய் சார்’ என்று அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

உங்களைப் பற்றி விசாரிக்க யாருடைய பெயராவது கேட்டால், ஒரு பேராசிரியரையும், நீங்கள் வேலை பார்த்த கடைக்காரரையோ படகு உரிமையாளரையோ சொல்லலாம். முன்கூட்டியே அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். “அண்ணே, ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிடுவாங்க, நான் உங்ககிட்ட கணக்கு எழுதுனதப் பத்திக் கேப்பாங்க” என்று சொல்லி வைக்காவிட்டால், அவர் தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டார்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன என்று அறிவிப்பில் பார்த்து, மூன்று வகை ரெஸ்யூமே தயார் செய்து ஒவ்வொன்றிலும் சில படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கையில் வைத்திருங்கள், ஆனால் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்காமல் ஒரு கோப்புறையில் கொண்டுபோங்கள், கடற்காற்றில் கசங்கிப் பிசுபிசுத்துவிடும். எந்த நிறுவனத்துக்கு எந்த வடிவத்தைக் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து யாராவது அழைத்து, “நீங்க அனுப்பின ரெஸ்யூமேல படகுக் கணக்குன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?” என்று கேட்கும்போது, எந்தத் தாளைப் பார்த்து அவர் பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.